ரெனிட்டாவை அனுப்பி வையுங்கள்

ஆண்டவர் துணை.

சகாயமேரி அப்பாவுக்கு, சென்னையிலிருந்து ஞானம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? மானகிரியில் மழை உண்டா?

இங்கே ஒரு வேடிக்கை. குருத்தோலை ஞாயிறன்று, நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டு ஆச்சி வெளிக்கதவைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார்கள். தெருவில் பவனி போனது. நான் கம்பிக்குள் நின்றே பாட்டுப் பாடினேன். ஆச்சி வந்ததும், ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டேன்.

"வயசானவுக, வெளிய போயி விழுந்துட்டீகன்னா? ஒங்க பாதுகாப்புக்குத்தான் பூட்டுனேன்."

"உள்ள தீப்பிடிச்சா ஒங்க பூட்டு வந்து என்னயத் தூக்குமா ஆச்சி?"

சிரித்தார்கள். சாவி தரவில்லை.

அவர்கள் சொன்னதை நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். இருபத்துநாலு வருடம் முன்பு, ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை. "பொட்டப்புள்ள வீட்டுல இருந்தாத்தான் பத்திரம்" என்று, நம் மகள் சகாயமேரிக்கு நர்சு படிக்க இடம் கிடைத்த கடிதத்தை அடுப்பில் போட்டீர்கள். நான் வாய் திறக்கவில்லை. உங்களையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை. இப்போது அவள் மகள் ரெனிட்டா பெங்களூரில் நர்சு படிக்கக் கேட்டால் அதையே சொல்கிறீர்களாம். ஆண்டவர் தம்மை வாசல் என்றார், பூட்டு என்று சொல்லவில்லை. ஆடு வெளியே போய்த்தான் மேய வேண்டும். மேய்ப்பனும் கூடத்தான் போகிறான். எனக்கும் பயம் இருக்கிறது. இருந்தாலும் அனுப்புங்கள்.

என் மூக்குக்கண்ணாடிக்குக் கால் ஒடிந்துவிட்டது, பழையதை அனுப்பவும். போன் பேசும்போது வாசலில் நின்று பேசுங்கள், கோவில் மணி கேட்கட்டும்.

குக்கர் கத்துகிறது. ரெனிட்டாவை பஸ் ஏற்ற நீங்களே போங்கள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

ஞானம்மாள்