நாற்பதாம் நம்பர் ஆயில்

உத்தமபாளையம்
விய வருஷம், ஆனி மாதம்

பஸ்ராவில் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் அன்பு மகன் சுருளியாண்டிக்கு உன் தாய் சுப்புத்தாய் நிறைந்த மனதோடு ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று சுருளி வேலப்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா, இதுவரைதான் அம்மா சொன்னது. இதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை. மிச்சத்தை நீ பார்த்தபடி எழுது ஆத்தா, பொய் மட்டும் எழுதாதே என்று என்னிடம் விட்டுவிட்டாள். ஆகவே இனி எழுதுவது உன் தங்கை பாண்டியம்மாள். அம்மா எதிரிலேயே மொச்சை உரித்துக்கொண்டு இருக்கிறாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் படித்துக் காட்டுகிறேன், தலையை மட்டும் ஆட்டுகிறாள். அவள் ஆட்டிய பிறகுதான் அடுத்த பக்கம் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பங்குனியில் அப்பா தவறியதற்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பதையும், இப்போது சண்டை முடிந்து எல்லோரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்பதையும், உன்னை மட்டும் இன்னும் மூன்று வருஷத்துக்கு அங்கேயே இருக்கச் சொல்லித் துரை கேட்கிறார் என்பதையும் படித்தோம். அப்பா வாங்கிப் போட்ட வண்டி டிரைவர் கையில் ஒழுங்காக ஓடினால் வீட்டுக்கு அது போதும், நான் இங்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், ஓடாவிட்டால் புறப்பட்டு வந்துவிடுகிறேன், உள்ளதை எழுதுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த இடத்தை அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். அங்கே வெயில் எப்படி என்று எழுதியிருக்கிறானா என்று மட்டும் கேட்டாள். நீ எழுதவில்லை, அடுத்த கடிதத்தில் எழுது.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா அவர்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்கிறாள். அவர்கள் அழுதால் அழுது முடிக்கும்வரை காத்திருந்து மறுபடியும் மழையைப் பற்றிக் கேட்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. பரீட்சையில் வகுப்புக்கே முதலாவதாக வந்திருக்கிறேன், அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டு போன வாரம்தான் சொன்னேன். நல்லது என்றாள் அம்மா. பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

நீ பார்க்காத வண்டி என்பதால் அதைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் துரை ஒருவர் வைத்திருந்து விற்றது. முன்பக்கம் மோட்டார் கார் மாதிரி மூடியும் பின்பக்கம் கட்டைவண்டி மாதிரி திறந்தும் இருக்கும். லாரியைவிடச் சிறியது, பாரம் ஏற்றினால் பின்புறம் தணிந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அப்பா டிரைவர் காமராஜை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கிருந்து அரிசியும் தேங்காயும் குமுளிக்கு ஏற்றிப்போய் அங்கிருந்து மிளகும் ஏலமும் இறக்கிக்கொண்டு வருவார். அப்பா தவறிய பிறகு வண்டி தொழுவத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. செல்லப்பாண்டி மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. மாமாவை உனக்குத் தெரியும், மாட்டுவண்டி என்றால் உயிர். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்திருக்கிறார், கன்னங்கரேல் என்று இருந்திருக்கிறது. மாட்டுவண்டி அச்சில் மை கறுத்துக் காய்ந்துபோனால் துடைத்துவிட்டுப் புது விளக்கெண்ணெய் விடுவதுதானே வழக்கம். அதே மாதிரி அடியில் இருந்த திருகைக் கழற்றி இருந்த ஆயிலையெல்லாம் வடித்துவிட்டு, அத்தை காய்ச்சி வைத்திருந்த விளக்கெண்ணெயை ஒரு குடம் கொண்டுவந்து இஞ்சினுக்குள் ஊற்றிவிட்டார். பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கிறது, மாட்டு வயிற்றுக்கும் அதுதான் மாட்டுவண்டி அச்சுக்கும் அதுதான், இதுக்கு மட்டும் ஆகாதா என்றார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். காமராஜ் அன்று ஊரில் இல்லை, வந்த பிறகும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதோடு வண்டி சில நாள் ஓடவும் செய்தது. கம்பம் கடைவீதியில் போகும்போது புகை அப்படியே மருந்து வாடை அடித்திருக்கிறது, கடைக்காரர்கள் வெளியே வந்து, ஏலே காமராஜு, வண்டிக்குப் பேதிக்குக் குடுத்திருக்கீகளா என்று கேட்டார்களாம். பேதிக்குக் குடுத்தா ஒரு நாள் படுக்கத்தான செய்யும் என்று இன்னொருவர் சொன்னாராம். அவர் வாக்குப்படியே மலை அடிவாரத்தில் வண்டி படுத்துவிட்டது. மாமாவின் மாடுகளைக் கட்டித்தான் இழுத்து வந்தோம். வழியெல்லாம் மாமா மாட்டை ஒரு தடவைகூட அதட்டவில்லை.

தேனியிலிருந்து மெக்கானிக் ஞானதுரை வந்து அடிச்சட்டியைக் கழற்றினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். வடித்தும் உள்ளே தங்கியிருந்த பழைய ஆயிலும் விளக்கெண்ணெயும் ஒன்றோடொன்று சேராமல் வெந்து, கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் சுரண்டி, ஸ்பிரிட்டும் மண்ணெண்ணெயும் விட்டுக் கழுவினார். உள்ளே இஞ்சின் தண்டு சுழலும் இடத்தில் உருக்கி வார்த்த வெள்ளை ஈயம் தேய்ந்திருக்கிறது, ஆனால் பிழைத்துவிட்டது, சாமி புண்ணியம் என்றார். அடுத்து ஊற்றும் ஆயில் சரியாக இல்லாவிட்டால் அந்த ஈயம் உருகிவிடும், அதற்கு மாற்று இப்போது மதுரையிலும் கிடைக்காது, அப்புறம் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். எந்த ஆயில் சரி என்பதில்தான் அவருக்கே குழப்பம். ஆயிலுக்கு நம்பர் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். நம்பர் கூடக்கூட ஆயில் கட்டி. வண்டி சீட்டுக்கு அடியில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. பள்ளிக்கூடத்து அகராதியை வாங்கி வந்து படித்துப் பார்த்தேன், முப்பதாம் நம்பர் விடு என்று போட்டிருக்கிறது. ஆனால் அது வண்டி புதிதாக இருந்தபோது எழுதியது. தேய்ந்த இஞ்சினில் அது நிற்காது, மலை ஏறும்போது சூட்டில் தண்ணீராகிவிடும் என்றார் ஞானதுரை. தேனியில் ஆயில் விற்கிற கடைக்காரர் பழைய வண்டி என்றால் ஐம்பதுதான் என்று அடித்துச் சொன்னார். குமுளியில் விடியற்காலைக் குளிருக்கு ஐம்பது அசையாது, கட்டி ஆயில் மேலே ஏறும்வரை இஞ்சின் எண்ணெய்ப் பசையில்லாமல் வறண்டு ஓடும் என்று அதற்கும் ஞானதுரை சந்தேகப்பட்டார். கடையில் முப்பது, நாற்பது, ஐம்பது மூன்றும் இருந்தன. மருந்து பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன்.

மூன்றையும் கிணற்றுத் தண்ணீரில் வைத்து எடுத்து, சாய்த்துப் பிடித்த பித்தளைத் தட்டில் சொட்டுவிட்டுப் பார்த்தேன். ஐம்பது விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டு யோசித்துக்கொண்டு இறங்கியது. பிறகு இரும்புக் கரண்டியில் காய்ச்சிவிட்டேன். முப்பது ஓடியே போய்விட்டது, விரலில் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய் என்றே தெரியவில்லை. நாற்பது குளிரிலும் நகர்ந்தது, சூட்டிலும் தட்டில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். அப்பா போன பிறகு அவள் ஒன்றைக் கவனித்துப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். உன் கடிதத்தில் இருந்தது அவருக்கும் தெரியும். வாசல்படியில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“எந்த ஆயிலு எந்த ஆயிலுன்னு ஏன்க்கா கெடந்து அலையிற. அந்த மெல்லிச ஊத்து. புஸ்தகத்துலயே போட்டிருக்கு, நாளைக்கு யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாது. வண்டி தானா நிக்கும். பய அடுத்த கப்பல்ல வந்து எறங்குவான்.”

அம்மா கரண்டியைத் துடைத்து வைத்தாள். மாமா விடவில்லை. ஆம்பளை இல்லாத வீடு, அத்தான் இருந்தால் நான் இதைச் சொல்வேனா, மூன்று வருஷம் என்பான், அங்கனயே தங்கிவிடுவான், அப்புறம் இந்த வண்டியை வைத்துக்கொண்டு நீ யார் முகத்தைப் பார்ப்பாய் என்றார். அண்ணா, பொய் எழுதாதே என்று அம்மா சொன்னதால் இதையும் எழுதுகிறேன். எனக்கு மாமா சொன்னது தப்பாகத் தோன்றவில்லை. முப்பதாம் நம்பர் பாட்டிலை நான் கையில் எடுத்தும்விட்டேன். புத்தகம் சொல்வதைச் செய்வதில் என்ன பிழை என்று நினைத்தேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

“கெடும்னு தெரிஞ்சே ஒண்ண ஊத்த எனக்கு வராதுடா” என்று மாமாவிடம் சொன்னாள். “நாப்பதையே வாங்கிட்டு வா.”

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தேனிக்குப் போய் அவரே டின்னைச் சுமந்துகொண்டு வந்தார். ஞானதுரை ஊற்றும்போது சிந்தாமல் புனலைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

போன வெள்ளிக்கிழமை விடியலில் பாதிப் பாரம் ஏற்றிக் குமுளிக்குப் போனோம். அம்மாவும் வந்தாள், அவள் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல். காமராஜுக்கு எதிரே ஆயில் அழுத்தம் காட்டுகிற முள் ஒன்று இருக்கிறது, அது கீழே படுத்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அம்மா மலையைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை, கூடலூர் தாண்டியதிலிருந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் ஏற ஏற முள் கொஞ்சம் இறங்கியது. காமராஜ் காலைத் தளர்த்தினார். இன்னும் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுகொண்டது, பிறகு அசையவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது பனி மூட்டமாக இருந்தது. சரக்கை இறக்கிவிட்டு, இஞ்சின் நன்றாக ஆறும்வரை வேண்டுமென்றே காத்திருந்தோம். காமராஜ் முன்னால் போய் இஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் செருகிச் சுற்றினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. எடுத்துருச்சு ஆத்தா என்று அவர் சிரித்தார். ம் என்றாள் அம்மா. எனக்கும் சிரிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் வரவில்லை. இறங்கி வரும்போது பஸ்ராவில் மலை உண்டா என்று கேட்டாள். பூகோளப் புத்தகத்தில் மணல் என்று போட்டிருக்கிறது என்றேன். அப்ப அங்கன வண்டிகளுக்குச் சிரமம் இருக்காது என்றாள்.

அதன் பிறகு இரண்டு தடவை போய் வந்துவிட்டது. நாற்பது சரிதானா, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நீ உன் அனுபவத்தில் எழுதினால் காமராஜிடம் படித்துக் காட்டுகிறேன். உள்ளதை எழுதச் சொன்னாய், உள்ளது இதுதான். வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் வேலை செய்யாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள அங்கே கிடைக்குமோ என்னவோ, கிடைத்தால் விடாதே, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டுப் போடு என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும், உன் கையால் தொட்டது எதுவும் கெடக்கூடாது என்பது அவளுடைய ஆசீர்வாதம்.

மொச்சை உரித்து முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அண்ணனை வரச்சொல்லி ஒரு வரி எழுதட்டுமா அம்மா என்று கேட்டேன். தோலையெல்லாம் முறத்தில் அள்ளினாள். பசுவுக்குப் போட்டுவிட்டு வந்தாள். வண்டி நல்லா ஓடுதுன்னு எழுது என்றாள். வேறே என்று கேட்டேன். அம்புட்டுத்தான் என்றாள்.

வண்டி நன்றாக ஓடுகிறது, அண்ணா.

இப்படிக்கு
உன் நலம் கோரும் தாய்
சுப்புத்தாய் (கைநாட்டு)

எழுதியது: தங்கை பாண்டியம்மாள்