இரண்டு பீப்பாய்த் தண்ணீரில் நாம் வாழ்ந்த வருடங்கள்

என் உயிர் மச்சான் சிவத்துக்கு,

டொரொன்டோவில் இன்று விறைக்கிற குளிர். மகள் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பல் தீட்டினாள். நான் ஏன் கத்தினேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும்.

சவூதிப் பாலைவனத்தில், ரோட்டுக் கொம்பனியின் இயந்திரங்களுக்குக் காவலாக நீயும் நானும் மட்டும் இருந்தோம். கரண்டும் இல்லை, போனும் இல்லை. கிழமைக்கொருமுறை வரும் லொறி இரண்டு பீப்பாய்த் தண்ணீரும் மாவும் பருப்பும் இறக்கிவிட்டுப் போகும். சாப்பிட்ட கோப்பைகளை மணல் போட்டுத் தேய்ப்போம். குடிதண்ணீர்க் கேனுக்கு நீ ஈரச்சாக்குச் சுற்றி நிழலில் வைப்பாய். மத்தியானம் அது குளிர்ந்திருக்கும். முகம் கழுவிய தண்ணீர், வெறும் பால்ரின் டப்பாவில் நீ நட்ட மிளகாய்க் கன்றுக்கு. முதல் காயைப் பாதி பாதியாகக் கடித்து இருவரும் கண்ணீர் விட்டோமே, அது வெறும் உறைப்பாலா?

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த செய்தியும் அந்த லொறியில்தான், ஒரு கிழமை பிந்தி வந்தது. என் மனைவியும் மகளும் கொழும்பில். ஒருவர் கட்டாயம் காவலுக்கு நிற்கவேண்டும் என்றான் டிரைவர். நீ என் பையை எடுத்து லொறியில் வைத்தாய்.

“உன்ர ஆக்கள்தான் கொழும்பில. நீ போ. நான் நிக்கிறன்.”

“தனிய என்னெண்டு இருப்பாய்?”

“மிளகாய்க் கண்டு இருக்குதுதானே.”

அகதி முகாமில் அவர்களைக் கண்டுபிடித்தேன். உனக்கு ஒரு கடிதம் போட்டேன். பிறகு மூவருமாகக் கனடா வந்துவிட்டோம். நீ அடுத்த குளிர்காலத்தில், காய்ச்சலில், லொறி வருவதற்கு முன் கண்ணை மூடிவிட்டாய். செய்தி என்னிடம் வர நாலு மாதம். நான் பக்கத்தில் இருந்திருந்தால்?

போன கிழமை உன் மனைவி கமலாவும் மகளும் ஊரிலிருந்து இங்கே வந்து இறங்கினார்கள். காரில் வரும்போது, உன்னைத் தனியே விட்டுவந்ததைக் கமலாவிடம் சொன்னேன். அவர் வெளியே பனியிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“தெரியும் அண்ணை. கடைசிக் கடிதத்தில எழுதினவர். ‘நாதன் பிள்ளையைக் கண்டிட்டானாம்’ எண்டு, அவ்வளவு சந்தோசமா.”

காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது.

இப்போது எங்கள் அபார்ட்மென்டில் ஐந்து பேர். கொஞ்சம் நெருக்கம்தான். உன் மகளைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன். அவர்கள் தங்கள் காலில் நிற்கும்வரையும், அதற்குப் பிறகும், நான் இங்கிருந்து எங்கும் போகமாட்டேன், மச்சான்.

உன் மச்சான்,
இப்போது கமலாவுக்கு அண்ணன்,
நாதன்