உரிமையை எந்த ஆபீசில் புதுப்பிப்பது?

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் கடையும் சௌக்கியம், அங்கே நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா, குழந்தைக்கு இருமல் விட்டதா என்று எழுது. அப்பாவுக்கு முட்டிவலி, கடைக்கு வந்தால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசி வியாபாரத்தைக் கெடுக்கிறார், அதனால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். ரப்பர் செருப்பு நன்றாகப் போகிறது, தோல் சரக்குதான் தூங்குகிறது.

உன் தங்கையை அந்தக் குடிமக்கள் உரிமைச் சங்கத்திலிருந்து வெளியே இழுத்து வரச் சொல்லி எழுதியிருந்தாய். நம் கடை வாசலில் மைக் பிடித்து, இந்தச் செருப்பு ஒரு மழை தாங்காது என்று கத்திய வெங்கலத்தொண்டைக்கு நம் வீட்டுப் பெண்ணே வாதாடுவதா, ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்று கோபப்பட்டிருந்தாய். நியாயம்தான், எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் போலீஸ் அவனைப் பிடித்துப் போனது செருப்பைத் திட்டியதற்காக அல்ல. சந்தை மைதானத்தில் இனி யாரும் கூட்டம் போடக் கூடாது என்று சந்தை ஆபீஸ் பூட்டுப் போட்டது, அது தப்பு என்று பூட்டுக்கு முன்னாலேயே நின்று பேசினான், அவ்வளவுதான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட அவன் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லை. உன் தங்கைதான் கோர்ட்டுக்குப் போய் அவனை வெளியே கொண்டுவந்தாள்.

இருந்தாலும் அவளை வேலையை விடவைக்கும் எண்ணத்தோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். அச்சகத்துக்கு மேலே ஒரு மாடி அறை, ஆளுக்கொரு நிறத்தில் நாற்காலி, காற்றை விடச் சத்தம் அதிகம் போடும் ஒரு மின்விசிறி. எனக்கு முகத்துக்கு முன்னால் கால்தானே கண்ணில் படும், பார்த்தேன், அங்கிருந்த வக்கீல்களில் ஒருவருடைய செருப்புக் குதிகாலும் முழுசாக இல்லை, எல்லாம் கோர்ட்டுப் படி தின்றது. வருஷம் முழுக்கச் செய்ததைத் தலைவி வாசித்தார். மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக வேலையை விட்டு எடுத்த ஒரு டீச்சரைத் திரும்ப வகுப்புக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வதற்குத் தடை போட்டார்களாம், அதை நீக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் விட என்னை அசத்தியது என்ன தெரியுமா, தோற்ற வழக்குகளைத்தான் முதலில் வாசித்தார்கள், எங்கே சறுக்கினோம் என்று மறைக்காமல் சொன்னார்கள். திரும்பி வந்த சரக்கை முகப்பில் அடுக்குகிற கடைக்காரனை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

அப்புறம் வெங்கலத்தொண்டையைப் பேசச் சொன்னார்கள். உன் தங்கைக்குக் கும்பிடு போட்டு நன்றி சொன்னவன் அதோடு நிறுத்தினானா, வக்கீலம்மா வேற, அவங்க வீட்டுச் செருப்பு வேற, அது இன்னும் மழை தாங்கல என்றான். அறையே சிரித்தது, உன் தங்கையும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து கேட்டுவிட்டேன். வந்ததிலிருந்து உரிமை உரிமைங்கறீங்களே, நானும் வருஷா வருஷம் கியூவில நின்னு புதுப்பிக்கிறவதான், இவனுக்கு எந்த ஆபீஸ்ல கொடுத்தாங்க, இவ்வளவு பேசியும் எப்படி இன்னும் ரத்து பண்ணாம இருக்காங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் தங்கை மட்டும் சிரிக்காமல் எழுந்து, "அம்மா, நீ சொல்றது உரிமம். அது ஆபீஸ் கொடுக்கும், ஆபீஸே எடுத்துக்கும். உரிமை யாரும் கொடுத்தது இல்லம்மா, பிறந்ததிலிருந்து இருக்கறது. அரசியல் சட்டத்துல எழுதி வச்சிருக்கறது, யாரும் கை வைக்கக் கூடாதுங்கறதுக்காக" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். நடைபாதையில் துணி விரித்த நாள் முதல் யாராவது முத்திரை குத்தினால்தான் ஒன்று நம்முடையது என்று இருந்தவள் நான். முத்திரை இல்லாமலும் ஒன்று இருக்கிறது என்று என் வயிற்றில் பிறந்தவள் எனக்குச் சொன்னாள்.

சொன்னது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல பேச்சை நம்பிச் சரக்கு எடுக்கிறவள் இல்லையே நான், யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை சந்தை அதிகாரி கடைக்கு வந்தார். கோர்ட்டு விட்டுவிட்டதால் வெங்கலத்தொண்டை மேல் வேறு புகார் வேண்டுமாம், வாடிக்கைக்காரர்களை மிரட்டினான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். சுவரில் மாட்டியிருந்த நம் உரிமத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்த மாசம் முடியுதில்ல என்றார். அடிமடியிலேயே கை. பொய் சொல்வானேன், பேனாவை எடுத்தேன். ஒரே கையெழுத்தில் அவன் வாயும் அடையும், நம் கடையும் பிழைக்கும். எடுத்த பேனாவை மூடி, "அவன் என் செருப்பைத் திட்டினான், யாரையும் மிரட்டல. திட்டினதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் சார்" என்று அனுப்பிவிட்டேன். செருப்புக் கம்பெனிக்காரனை அடி ஒட்டும் பசையை மாற்றச் சொல்லியிருக்கிறேன், இவன் சொன்னதற்காக அல்ல.

ராத்திரி உன் தங்கையிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், அவர் சொன்னப்ப பக்கத்துல யார் இருந்தாங்க என்று கேட்டாள், சாட்சி தேடும் வக்கீல் புத்தி. உரிமம் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் நானே அந்த மாடிப்படி ஏறுவேன், அம்மாவாக அல்ல, வழக்குக் கொடுக்கிறவளாக. அங்கே என் வழக்கை எடுக்க அவள் இருக்க வேண்டாமா, இனி அவளை வெளியே வரச் சொல்லி எழுதாதே. உன் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன், பதில் எழுதுகிறாளாம், உட்கார்ந்து படி.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. மருமகளுக்கும் குழந்தைக்கும் என் முத்தம். எந்தக் குறையும் இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீடூழி வாழ்க.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா