நீலம் பூசிய முகங்கள்

இன்று காலை கோட்டைக் கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். மீனும் சேறும் மணக்கும் இந்தப் பழவேற்காட்டில் அந்த எண்ணெய் வாடை வண்ணம் குழைக்கும் உங்கள் அறையிலிருந்து மட்டும்தான் வரும். நீங்கள் கடலுக்கு அப்பால் பத்தாவியாவில் காய்ச்சலில் இறந்துபோன செய்தியைச் சென்ற மாதம் வந்த கப்பல்காரர் ஒருவர் சொன்னார். சொன்ன கையோடு துணி மூட்டைகளைப் பற்றிக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். மொழிபெயர்க்கும் துபாஷி வேலை அப்படி. உங்களோடு பேச இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

நீங்கள் கோட்டைக்கு ஓவியராக வந்தபோது நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கோட்டையையும் துறையையும் கப்பல்களையும் படமாக எழுதி ஒல்லாந்துக்கு அனுப்புவது உங்கள் வேலை. ஆனால் வந்த சில நாட்களிலேயே, ஏரிக்குப் போகவேண்டும், மொழிபெயர்க்க வா என்று இருவருக்கும் பொதுவான போர்த்துகீசிய மொழியில் என்னைக் கூப்பிட்டீர்கள். ஏரியில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அங்கே மீனவக் குப்பத்து மங்கம்மா மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தாள். நீங்கள் கரையில் மணலிலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தீர்கள். அவள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"பாய், அந்தத் தொரை இன்னா பண்றாரு?"

"உன்னை எழுதறாரு."

"என்னை இன்னாத்துக்கு? நான் இன்னா சாமியா?"

இதை நான் மொழிபெயர்த்ததும் நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் பக்கத்து நாடுகளிலும் முன்பு தேவனையும் புனிதர்களையும்தான் எழுதினார்களாம். பிறகு ஓர் ஓவியன் மேரி மாதாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தை வைத்தானாம். கொஞ்ச காலத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளாகவே எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டதாம். இவ்வளவையும் நான் சுருக்கித்தான் சொன்னேன். "அவங்க ஊர்ல மனுசங்களையும் எழுதுவாங்களாம்."

அவள் கரையேறி வந்து படத்தை எட்டிப் பார்த்தாள். "மூக்கு அப்படியே எங்க நைனா மூக்கு," என்றாள். பிறகு, "பறியக் கடிச்சினு இருக்கறத வேற எழுதிக்கீறாரு பாரேன்," என்று வெட்கப்பட்டாள். அன்றிலிருந்து உங்களுக்கு அந்தக் குப்பத்தில் படக்காரர் என்று பெயர்.

உங்கள் அறையில் நாம் பேசாத பகல் குறைவு. அச்சுப் படங்களை விரித்துக் காட்டுவீர்கள். ஒன்றில் ஆடையில்லாமல் நின்ற ஒருவனின் தொடையில் ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து எலும்பையும் நரம்பையும் கற்றுக்கொண்ட ஓவியர்கள் இருந்தார்கள் என்று சொன்னீர்கள். மனிதன் எப்படி நிற்கிறான், பாரத்தை எந்தக் காலில் போடுகிறான் என்று தெரியாமல் அவனை எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள்.

நீங்கள் சொன்னபடி, இத்தாலி நகரங்களில் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கதை அது. மடங்களின் அலமாரிகளில் கிடந்த பழைய கிரேக்க, லத்தீன் ஏடுகளைத் தேடி எடுத்தார்கள். குருமார் சொன்ன விளக்கத்தோடு நிற்காமல் மூலத்தையே படித்தார்கள். பிள்ளைகளுக்கு இலக்கணமும் கவிதையும் வரலாறும் கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் வைத்தார்கள். அச்சு வந்ததும் அந்தப் புத்தகங்கள் உங்கள் ஊர்வரை வந்தன. படகுக்காரரின் மகனான நீங்கள் லத்தீன் பள்ளியில் உட்கார்ந்ததும் அதனால்தான்.

"கிரேக்க வைத்தியருங்க புத்தகத்தை எங்க ஹகீம்கள் அரபியில எப்பவோ படிச்சிட்டாங்களே," என்று நான் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன்.

"தெரியும். நீங்கள் காப்பாற்றி வைத்ததிலிருந்துதான் எங்களுக்குப் பாதி கிடைத்தது," என்றீர்கள். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் உங்களை நண்பராக நினைக்க ஆரம்பித்தேன்.

மறு ஆண்டு மழை பொய்த்தது. உள்நாட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். ஒரு வேளைக் கஞ்சிக்காகத் தங்களையே விற்றார்கள். கோட்டை வாங்கியது. கிடங்கு நிறைந்தது. பத்தாவியாவுக்குக் கப்பலும் வந்து நின்றது.

மங்கம்மா என்னைத் தேடி வந்தாள். எளாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவள் தங்கை போலம்மா, புருசன் செத்து, பசியோடு நடந்து வந்தவள், அக்கா வீடு வந்து சேருமுன் கிடங்குக்குள் போய்விட்டாளாம்.

"நான் கஞ்சி ஊத்த மாட்டனா பாய்? இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தா என் வூடு. தொரைகிட்ட சொல்லு பாய்."

சொன்னேன். போலம்மா தன் வாயாலேயே விற்பனைக்குச் சம்மதித்தாள் என்று கோட்டைத் தலைவர் முடித்துவிட்டார்.

அன்று உங்கள் அறையில் நான் கேட்டது நினைவிருக்கிறது. "அந்தப் புத்தகங்கள்ல மனுசன் மனுசன்னு எழுதினாங்களே. கிடங்குல இருக்கிறவங்க அந்தக் கணக்குல வருவாங்களா?"

நீங்கள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். "அந்த நகரங்களிலும் அடிமைகள் இருந்தார்கள்," என்றீர்கள். "அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் அடுக்களையிலேயே இருந்தார்கள். வருவார்கள் என்று எழுதியிருக்கவேண்டும். பலர் எழுதவில்லை."

அப்போது நீங்கள் பெரிய கித்தான் ஒன்றில் வேலையாக இருந்தீர்கள். ஒல்லாந்தில் கம்பெனி எஜமானர்கள் கூடும் அறைச் சுவருக்காகக் கோட்டைத் தலைவர் கேட்ட படம் அது. கோட்டை, கொடி, துறையில் கப்பல்கள் எல்லாம் முடிந்திருந்தன. முன்பக்கம் கடற்கரை மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் தினமும் கிடங்குக்குப் போய் வந்தீர்கள். நானும் கூட வந்து அவர்களோடு பேசினேன்.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் தலைவர் படத்தைப் பார்க்க வந்தார். மாலுமித் தலைவரும் வந்திருந்தார். படத்தில், வெறுமையாக இருந்த கடற்கரையில் தோணியை நோக்கி ஜனங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமும் தனி முகம். முன்னால் போலம்மா. உடம்பின் பாரத்தை ஒரு காலில் போட்டு, திரும்பி ஏரிப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"இவர்களை யார் கேட்டது?" என்றார் தலைவர்.

"அங்கே இருக்கிறார்கள்," என்றீர்கள்.

"கடல் பூசி மறைத்துவிடு. நாளைக்குப் படம் கப்பலில் போகவேண்டும்."

மறுத்தீர்கள். அவர் மிரட்டினார். வேறு ஓவியன் இந்தக் கரையில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நீங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "இவர்களை வெளியே விடுங்கள். பூசுகிறேன்."

தலைவர் சிரித்தார். மாலுமித் தலைவர் கடலலையைக் காட்டி, நேரத்தோடு ஏற்றவேண்டும் என்றார். பேச்சு இழுத்தது. கடைசியில் தலைவர் படத்திலிருந்த போலம்மாவை விரல் நீட்டிக் காட்டி, "இந்த ஒருத்தி. அதற்குமேல் ஒருவர் இல்லை," என்றார்.

உங்கள் முகத்தை அப்போது பார்த்தேன். நீங்கள் எழுதியவற்றில் அதுதான் உயர்ந்த படம். அதை நீங்களும் அறிவீர்கள். முதலில் அவளை வெளியே விடச் சொன்னீர்கள். போலம்மா கிடங்கிலிருந்து வந்து, வெயில் கண்ணைக் கூச, மங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை சன்னலிலேயே நின்றீர்கள். பிறகு நீலத்தைக் குழைத்தீர்கள். ஒவ்வொரு முகமாகப் பூசினீர்கள். பூசுமுன் ஒவ்வொருவரின் பெயரையும் என்னிடம் கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல, தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னீர்கள்.

"படம் போனால் வேறு எழுதலாம்," என்றீர்கள் முடிந்ததும். அந்தக் குரலை நான் நம்பவில்லை.

மறுநாள், பத்தாவியா வழியாக ஒல்லாந்து சேரவேண்டிய அந்தப் படமும் அந்த ஜனங்களும் ஒரே கப்பலில் போனார்கள். அடங்காதவர் என்று அடுத்த கப்பலில் உங்களையும் பத்தாவியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நேற்று குப்பத்துக்குப் போய் நீங்கள் இறந்த செய்தியைச் சொன்னேன். போலம்மாவுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். செய்தியைக் கேட்டதும் போலம்மா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். மங்கம்மாதான் கேட்டாள்: "படத்துல என் தங்கச்சி எப்பிடி பாய் இருந்தா?"

"நம்ம ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்து நிக்கிற மாதிரி," என்றேன். போலம்மா அழுதாள்.

நான் இன்னும் அதே கோட்டையில் அதே வேலையில்தான் இருக்கிறேன். குடும்பம் இருக்கிறது. கிடங்கும் இருக்கிறது. போன வாரம் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், ஒரு மனிதனைக் காட்டி, இது எந்த ஊர், என்ன வேலை செய்யும் என்று கேட்கச் சொன்னார். நான் அவனிடம் திரும்பி, "உன் பேர் இன்னாப்பா?" என்றேன். "வீராசாமி," என்றான். அதிகாரியிடம் முதலில் அந்தப் பெயரைச் சொன்னேன். பெயரைக் கேட்கவில்லையே என்று அவர் எரிந்து விழுந்தார். மறுபடியும் பெயரோடு ஆரம்பித்துத்தான் ஊரைச் சொன்னேன்.

இதனால் யாரும் விடுதலையாவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் அறையில் அன்று பெயர் சொல்லத் தொடங்கியதை நான் நிறுத்தவில்லை. என் வாய் வழியாகப் பெயரில்லாமல் ஒருவரும் கடல் தாண்டுவதில்லை.