நான் பாதை என்று வரைந்த கோடு

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். ஐப்பசி முடியப் போகிறது, இன்னும் குடையை வெளியே எடுக்கவில்லை. மலைப் பக்கம் மட்டும் மேகம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. முழங்கால் வலி.

ஆபீஸில் புது உத்தரவு. வட்டார வளர்ச்சித் திட்டத்தோடு இனி நீர்வளத் திட்டத்தையும் சேர்க்க வேண்டுமாம். இதுவரை கண்மாய், ஓடை, கிணறு எல்லாம் தண்ணீர்ப் பிரிவின் வரைபடத்தில். ரோடு, பள்ளிக்கூடம், வீட்டுமனை எல்லாம் எங்கள் வரைபடத்தில். இரண்டும் இத்தனை வருடமாக ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று போட்டுச் சரிபார்ப்பது என் வேலை. சனிக்கிழமை மீட்டிங்குக்குள்.

"ரெண்டே ரெண்டு மேப்பும்மா. ஒண்ணு மேல ஒண்ணு வைக்க எம்புட்டு நேரம் ஆகப்போகுது?" என்கிறார் எங்கள் உதவி இயக்குநர் ஏ.டி. சார். அவருக்கென்ன, வாயாலேயே வைத்துவிடுவார்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, மவுஸுக்கு பேட்டரி, பால்கோவா அரைக் கிலோ (மீட்டிங்குக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு. இதுவும் உத்தரவு).

நவம்பர் 12, புதன்

புழுக்கம். மேகம் இறங்கி வந்திருக்கிறது.

மத்தியானம் வரை வேலை நன்றாகத்தான் போனது. அதன் பிறகு வேப்பங்குளம் கண்மாய். நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஒரு மறுகால் ஓடை. தண்ணீர்ப் பிரிவின் வரைபடத்தில் அது முத்துநகர் வழியாகப் போகிறது. எங்கள் வரைபடத்தில் அங்கே ஓடையே இல்லை. தார் ரோடு. அதே வளைவு, அதே அகலம். ஓடை மேல் ரோடு கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோட்டை வரைந்தது நான்.

சில வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில், ஊர் ஊராக அளக்கப் போனபோது. ஓடை காய்ந்து கிடந்தது. அதற்குள் பைக் போனது, ஆட்டுக்கூட்டம் போனது, ஷேர் ஆட்டோவும் போனது. ஆட்டோக்காரரை நிறுத்திக் கேட்டேன், "இது பாதையாண்ணே?" "பொறவு? நான் என்ன ஆகாசத்துலயா ஓட்டுதேன்?" சிரித்துக்கொண்டே பாதை என்று குறித்தேன். இன்னும் நாலு ஊர் பாக்கி. அரைக் கிலோமீட்டர் மேலே நடந்திருந்தால் கண்மாய்க் கரை தெரிந்திருக்கும். நடக்கவில்லை.

நான் பாதை என்றேன், திட்டத்தில் ரோடு வந்தது. ரோடு வந்ததால் மனை. மனை வந்ததால் அக்கா.

அத்தான் மிலிட்டரியிலிருந்து வந்ததும் அங்கே இடம் பார்த்தார். அவருக்குச் சொந்த ஊர் மகாராஜபுரம், ராஜபாளையத்துப் பக்கம் எதுவும் தெரியாது. என்னைத்தான் கேட்டார். "மேப்புல வில்லங்கம் ஏதும் இருக்கா செல்வி?" என் வரைபடத்தை நானே பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு அத்தான்" என்றேன்.

சாப்பாடு இறங்கவில்லை. மோர் மட்டும்.

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஏ.டி. சாரிடம் காட்டிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்.

"ரெண்டுல எதும்மா சரி?"

"தண்ணீர்ப் பிரிவுதான் சார்."

"அது பழசும்மா."

"ஓடையும் பழசுதானே சார்."

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மீட்டிங் முடியட்டும். பொறவு திருத்தம் போடுவோம். இப்ப மாத்தினா, இத வரைஞ்சது யாருன்னுதான் முதல்ல கேப்பாக." என்னையே பார்த்தார். என் கான்ட்ராக்ட் மார்ச் வரைதான். அது அவருக்கும் தெரியும். "சரி சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சீ.

தண்ணீர்ப் பிரிவு இன்ஜினியர் மேடத்துக்கு போன். கண்மாய் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "முக்காவாசி நிறைஞ்சிருச்சு செல்வி! மலையில ஒரு நல்ல மழை பேஞ்சாப் போதும், மறுகால் பாஞ்சிரும். எத்தன வருசமாச்சு! விவசாயிக இப்பவே தேங்காயும் மாலையும் வாங்கி வச்சிருக்காக."

ஊருக்கே நல்ல செய்தி. நான் போனை வைத்துவிட்டு அக்கா வீடு எந்த மனை என்று வரைபடத்தில் தேடினேன்.

நவம்பர் 14, வெள்ளி

பகலில் மழை விட்டிருந்தது. ஆபீஸ் முடிந்து நேரே அக்கா வீடு. போகும்போது அந்த ரோட்டில்தான் நடந்தேன். இரண்டு பக்கமும் நிலம் உயரம், மில் சுவர் நிற்பதும் மேட்டில், ரோடு மட்டும் பள்ளம். இத்தனை தடவை வந்திருக்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

அக்கா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அத்தானிடம் சொன்னேன்: "இந்த இடம் கொஞ்சம் தாழ்வு அத்தான். கண்மாய் நிறைஞ்சாத் தண்ணி வரலாம். பெரிய மழைன்னா எங்க வீட்டுக்கு வந்துருங்க."

"ஏட்டி, நீதான பாத்துட்டு சுத்தமா இருக்குன்ன?" அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஒரு பாதுகாப்புக்குச் சொல்லுதேன்க்கா."

இந்த ரோடுதான் ஓடை, நான்தான் தப்பாக வரைந்தேன் என்று சொல்லத்தான் போனேன். தொண்டை வரை வந்தது. அக்கா முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன். பணியாரத்தையும் அதன் மேலேயே விழுங்கினேன்.

அத்தான் சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துத் தெருவில் உள்ள வீடுகளை வரிசையாக எழுதினார். நடக்க முடியாதவர் யார், கைப்பிள்ளைக்காரி யார் என்று அக்காவிடம் கேட்டுக் கேட்டுக் குறித்தார். "நீ சொல்லிட்டேல்ல, இனி நான் பாத்துக்கிடுதேன். ஒருத்தர விடாமக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. பாதி சொன்னாலே போதும் போலிருக்கிறது. பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 15, சனி

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வந்த பால்காரர்: "ஓடையில பாறையெல்லாம் உருளுற சத்தம் கேக்குதும்மா." எனக்குக் கிடைத்தது கடைசி பஸ். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

ஆபீஸ் 10.15. மீட்டிங் தள்ளிவைப்பு. பால்கோவா மேஜையில்.

10.40. மேடம் போன். மறுகால் பாய ஆரம்பித்துவிட்டது. நேற்று முன்தினம் கேட்ட குரல் இல்லை. "தேங்கா ஒடைக்க வந்தவுகள எல்லாம் வெரட்டி விட்டாச்சு செல்வி. மலைத் தண்ணி நிக்காம வருது."

முத்துநகரில் மைக் கட்டிய ஆட்டோ போய்விட்டதாம், எல்லோரும் ஹைஸ்கூலுக்குப் போகச் சொல்லி. நல்லது என்றுதான் நினைத்தேன். சார் மேஜையில் வெள்ளப் பாதுகாப்பு நோட்டீஸ் ஒன்று கிடந்தது. போன மாதமே வீட்டுக்கு வீடு கொடுத்தது. பின்பக்கம் வரைபடம். எங்கள் வரைபடம். ரோடும் பள்ளிக்கூடமும் அதில்தானே இருக்கிறது என்று எடுத்திருக்கிறார்கள். முத்துநகரிலிருந்து ஹைஸ்கூலுக்கு ஒரு பச்சை அம்புக்குறி. என் கோட்டின் மேலேயே, கடைசி வரை.

சாரிடம் காட்டினேன். மைக் ஆட்டோவையும் ஃபயர் சர்வீஸையும் மாறி மாறி போனில் கூப்பிடுகிறார். லைன் கிடைக்கவில்லை.

11.25. ஆட்டோவுக்காக ஆபீஸ் வாசலில். ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்கள். எழுதாமல் நிற்க முடியவில்லை. அக்காவிடம் பேசியது:

"வீட்டப் பூட்டியாச்சுட்டி. ரோட்டுக்கு வந்துட்டோம். கரண்டைக்கால் தண்ணிதான், பயப்படாத."

"அக்கா, அந்த ரோட்டுல போகாதீக! அதுதான் ஓடை!"

"என்னட்டி சொல்லுத?"

"அதுதான் ஓடைக்கா. நான்தான் பாதைன்னு தப்பா வரைஞ்சேன். எல்லாரும் மில் சுவர் பக்கம் மேட்டுல ஏறுங்க. அத்தான்ட்ட போனக் குடு."

"அவிய போனும் என் பையிலதான இருக்கு. அவிய முன்னால போயிட்டாக, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு. தெருவே அவிய பின்னால போகுது." மழைச் சத்தம். பெயர் சொல்லாமல் அவரைக் கூவிக் கூப்பிடுகிறாள். மறுபடி போனில், மூச்சு வாங்க: "மழையில அவியளுக்குக் கேக்கலட்டி. திரும்பிப் பாத்துட்டு, வழி சரிதான்னு அந்த நோட்டீஸ் மேப்பத் தூக்கிக் காட்டிட்டுப் போறாக."