காற்றில் விடாத வாயு

இன்று உப்புவெளியில் ஒரு வீட்டில் பழைய ஏசியைக் கழற்றினேன், மச்சான். கம்பிரசர் எண்ணெயின் கருகல் நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் வேலைச் சட்டை நினைவுக்கு வந்தது. போன மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. சட்டை இன்னும் நம் கடையில்தான் தொங்குகிறது.

பழைய வாயுவை வெளியேற்ற, குழாயைக் கடல் பக்கம் திருப்பித் திறந்துவிடுவதுதான் இங்கே வழக்கம். கடற்காற்று கொண்டுபோய்விடுமாம். பயிற்சி வகுப்பில் நாம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டோம்: அந்த வாயு மேலேறி ஓசோன் படையை அரிக்கும். படை மெலிந்தால் வெயிலின் புறவூதாக் கதிர் தடையில்லாமல் இறங்கும். கண்ணில் புரை, தோலில் புற்று, கடலில் மீனுக்கு இரையாகும் நுண்ணுயிருக்கும் கேடு. எனக்கு அது வகுப்போடு முடிந்தது. நீயோ வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் இயந்திரத்தைத் தேடிப் பிடித்துவந்தாய்.

மூதூர் மீன் வியாபாரியின் குளிரறைதான் நமக்கிருந்த பெரிய வேலை. அது பழுதாகி நின்ற அன்று அவர் வாசலில் நின்று கத்தினார்.

“கேஸைத் திறந்து உடுங்கடா. மீன் நாறப்போகுது.”

“மீனுக்கு ஐஸ் போடலாம் ஹாஜியார். வானத்துக்கு என்னத்தைப் போடுறது?” என்றாய் நீ.

“வானம் என்ன உன்ட வாப்பாட சொத்தா?”

“இல்ல ஹாஜியார். உங்கடயும்தான்.”

இயந்திரம் உறிஞ்சி முடிக்கும்வரை மீனையெல்லாம் நீயே ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றினாய். ஒன்றும் பழுதாகவில்லை. ஆனாலும் அவர் அதன்பிறகு நம்மைக் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் நான் கொதித்தேன். “இந்தக் கேஸைச் செய்து வித்தவன் எங்கேயோ சுகமா இருக்கிறான். குளிரில படுக்கிறவனும் வேற ஆள். பிழைப்பை இழக்கிறது மட்டும் நாங்களா?”

“ஓம். அவங்களைத் திட்டு, நானும் சேர்ந்து திட்டுறன். ஆனா கேஸ் இப்ப எங்கட கையிலதானே இருக்கு.”

அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் ஓசோன் படை மெல்லத் தேறி வருகிறது. நாடுகள் ஒப்பந்தம் போட்டன, உண்மைதான். அதை நிறைவேற்ற, ஏச்சு வாங்கிக்கொண்டே வால்வை மூடிய ஆட்களும் தேவைப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் நீ.

கிண்ணியாக்காரர்கள் மேற்சட்டையில்லாமல் வெயிலில் வலை இழுக்கிறார்கள். தலைக்கு மேலிருக்கும் அந்தப் படையில் உன் பங்கும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போகுமிடமெல்லாம் உன் இயந்திரத்தையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போகிறேன். அவசரப்படுகிறவர்கள் வேறு ஆளைப் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், மச்சான்.