வலத் தோளில் வந்த வலி

அப்பா,

இன்று நெல்லிவாசலிலிருந்து வந்த ஷேர் ஜீப்பில், பக்கத்தில் இருந்தவர் தோளெல்லாம் வலித் தைலம் பூசியிருந்தார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் இறங்கிவிட்டேன். மிச்ச தூரத்தை நடந்தேன். மாசி தொடங்கி நம் வீட்டில் அந்த வாசனைதான் இருந்தது. உனக்குத் தேய்த்துவிட்டவள் நான்.

அது புளி உலுக்கும் காலம். கொக்கி வைத்த துரட்டிக் கழியை வலக்கையால் இழுத்து, மூட்டையை வலத் தோளில் சுமப்பவன் நீ. அதனால் வலப்பக்க நெஞ்சிலும் தோளிலும் வலி என்றபோது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. மேடு ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்றாய். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஒருநாள் சட்டை போட்டுக்கொண்டு ஜீப்புக்குக் கிளம்பி நின்றாய்.

“செங்கம் போய்ட்டு ஒருவாட்டி காட்டிட்டு வர்றேம்மா.”

“நெஞ்சு வலின்னா இடது பக்கம்பா. இடது கை இழுக்கும். உனக்கு வலது. இது துரட்டி இழுத்த வலி. இதுக்குப் போயி இன்னாத்துக்கு ஒருநாள் வேலைய வுடுற?”

“நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய்.

கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பவள்தான் நான். அத்தனை புத்தகங்களிலும் மனிதனின் இதயம் இடப்பக்கமே இருந்தது.

சித்திரையில், களத்தில் புளி அடித்துக்கொண்டிருந்த நீ வியர்த்துச் சரிந்தாய். அதற்குப் பிறகுதான் செங்கம் ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுத்தவர் தாளைப் பார்த்து, “ஒயர மாத்தி மாட்டிட்டனா?” என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார். டாக்டர் உன் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தேடினார், பிறகு மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனார்.

“இன்னாங்க, காணமா? எம் பொண்டாட்டி அப்பவே சொன்னா, உனக்கு நெஞ்சே இல்லன்னு.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

நகரத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கண்ணாடியில் தெரிவதுபோல உனக்கு உள்ளே எல்லாமே இடம் வலம் மாறியிருக்கிறது, அது நோயில்லை, இதயக் குழாயில் உள்ள அடைப்புதான் நோய் என்றார். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்ட வேண்டும். வழக்கமாக நிற்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் நின்று செய்வாராம்.

“எடத்து மாடு செத்துட்டா வலத்து மாட்ட எடத்துல பூட்டுவோங்க. மொதல்ல முரண்டு பண்ணும். ரெண்டு சால் ஓட்னா சரியாயிடும்” என்று அவருக்கே நீ தைரியம் சொன்னாய்.

அவர் சிரித்துவிட்டுக் கேட்டார். “வலி எப்ப இருந்து?”

நீ என்னைப் பார்த்தாய். “இந்த வாரந்தாங்க.”

“முன்னாடி எதுவும் இல்லையா?”

“இல்லீங்க.”

ஸ்கேன் படத்தைத் திரும்பப் பார்த்தார். “ஒரு வாரத்துல ஆனதா தெரியலையே. இதயம் ரொம்ப தளர்ந்திருக்கு” என்று என் பக்கம் திரும்பினார். எனக்காக நீ சொன்ன பொய்யை நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது செய்திருப்பாரா என்று இப்போதும் தெரியாது. அதை யாரிடமும் கேட்கும் துணிவும் எனக்கு இல்லை.

ஒட்டிய குழாய்களில் ரத்தம் நன்றாக ஓடியதாம். இதயத்துக்குத்தான் அதற்குமேல் முடியவில்லை. அறுவை முடிந்த ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

யாராவது தேற்றுவார்கள், காலம் ஆற்றும் என்றெல்லாம் எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆறவில்லை. யாரேனும் வலத் தோளைப் பிடித்துக்கொண்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன்.

துக்கம் கேட்க இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். “திடீர்னு வந்துச்சுங்க, யாருக்குத் தெரியும்” என்று அம்மா சொல்கிறாள். அவர்கள் போன பிறகு, கதவருகே நின்று என்னிடம் கேட்கிறாள்.

“அந்தத் தோள் வலி வேற, இது வேற. இல்லம்மா?”

“வேறதாம்மா” என்கிறேன்.